சர்வதேச பேட்டண்ட்னு ஒண்ணு கிடையாதுங்க

1/ "சர்வதேச பேட்டண்ட் பெற்ற மூலிகைப் பொடி"ங்கிற விளம்பரத்தை நம்பி, சுகர் மாத்திரையை நிறுத்திட்டு ஆறாத கால் புண்ணோட வர்றாங்க, எங்க தஞ்சாவூர் பக்கத்து விவசாயிகள்.

2/ அப்படி ஒரு பேட்டண்டே இல்லை. பி.சி.டி. ஒப்பந்தத்தில் போடுறது வெறும் விண்ணப்பம். பேட்டண்ட் தரலாமா வேணாமான்னு ஒவ்வொரு நாடும் தனித்தனியாத்தான் முடிவு செய்யும்.

3/ சரி, ஒரு நாடு கொடுத்தே இருந்தாலும்? 1995ல் அமெரிக்கா, புண் ஆற்றும் மஞ்சளுக்கே பேட்டண்ட் கொடுத்துச்சு. நம்ம அப்பத்தாவுக்குத் தெரிஞ்சது அவங்களுக்குப் 'புதுசு'! சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்துப் போராடி, 1997ல் ரத்தாச்சு.

4/ பேட்டண்ட் விற்பனை உரிமைக்கான காவல். நோய் தீரும்ங்கிறதுக்குச் சான்று இல்லை. நோயாளிகளிடம் சோதிச்ச ஆய்வு எங்கேன்னு கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் மாத்திரையை நிறுத்தாதீங்க.