கோரிக்கை என்ற சொல்

2020 ஊரடங்கு நாட்களில் எங்கள் வீட்டில் இரவுச் செய்தி தவறாமல் ஓடும். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. 'ஜனாஸாக்களை அடக்கம் செய்ய அனுமதிக்குமாறு முஸ்லிம்கள் கோரிக்கை' என்று ஒருநாள் வாசித்தார்கள். தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்த உம்மும்மா நிமிர்ந்து பார்த்தார். "மையித்த அடக்கவும் கோரிக்கை வெக்கோணுமா?" என்றார். வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை.

இப்போது உயர்தரத்தில் ஊடகக் கற்கை படிக்கிறேன். பொய்ச் செய்திதான் ஆபத்தானது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் அந்தச் செய்தியில் பொய்யே இல்லை. முஸ்லிம்கள் கோரியது உண்மைதான். ஒரு விடயத்தை எந்தச் சட்டகத்துக்குள் வைத்துக் காட்டுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'கோரிக்கை' என்றவுடன், "இவர்களுக்கு மட்டும் ஏன் தனிச் சலுகை?" என்றுதான் வாசகருக்குத் தோன்றும். பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்களாகிவிடுகிறோம்.

உலக சுகாதார ஸ்தாபனம் அந்த ஆண்டு மார்ச் மாதமே அடக்கம், தகனம் இரண்டுக்கும் இடமளித்து வழிகாட்டல் வெளியிட்டிருந்தது. ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி தகனத்தை மட்டும் கட்டாயமாக்கியது. 'தகனத்தைக் கட்டாயமாக்க விஞ்ஞான ஆதாரம் எங்கே?' என்று அதே செய்திக்குத் தலைப்பிட்டிருக்கலாம். அப்போது பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு ஆட்கள். கத்தோலிக்கர்களும் தம்மவரை அடக்கம் செய்பவர்கள்தான். இது முஸ்லிம் பிரச்சினை என்று பெயர் பெற்றதும் அவர்களுடைய துயரம் கண்ணில் படாமலே போனது.

டிசம்பரில் பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையின் உடல் எரிக்கப்பட்டது. அதன் பின் பொரளை கனத்தை மயான வேலியில் பல மதத்தவரும் வெள்ளைத் துணி கட்டினார்கள். புதிதாக எந்த விஞ்ஞான உண்மையும் அந்த வாரம் வெளியாகவில்லை. ஒரு தாய் தகப்பனின் பிள்ளை என்று செய்தி சொல்லப்பட்டது, அவ்வளவுதான்.

2021 பெப்ரவரியில் அடக்கத்துக்கு வழி பிறந்தபோதும் 'அனுமதி வழங்கப்பட்டது' என்றே எழுதினார்கள், ஏதோ கொடை கொடுத்தது போல. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்த செய்தி வந்தது. எங்கள் வீட்டில் அதைக் கவனித்தவர் வாப்பா மட்டும்தான். உம்மும்மா அப்போது உயிருடன் இல்லை.

பிறரை மட்டும் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. வட்ஸ்அப்பில் நாங்கள் பகிர்ந்த செய்திகளிலும் 'கோரிக்கை'தான் இருந்தது. அதே காலத்தில் தோட்டத் தொழிலாளர்கள் நாட்சம்பளமாக ஆயிரம் ரூபாய் கேட்டார்கள். அந்தச் செய்தியையும் 'சம்பளக் கோரிக்கை' என்றே வாசித்தேன். அவ்வளவு குறைந்த சம்பளம் எப்படி நியாயமானது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.