வாசகர் பிறக்கும் இடம்

அஸ்தினாபுரத்து அடுக்ககங்களில் பிள்ளைக்குச் சோறூட்டும் கை இருக்கிறது. பேசும் வாய்தான் இல்லை. பாடுவது கைபேசி. மொழியைப் பள்ளி பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். மறுக்கிறோம்.

2003இல் பாட்ரீசியா குல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளைச் சீன மொழி கேட்கச் செய்தனர். மனிதர் நேரில் பேசக் கேட்டவர்கள் அதன் ஒலிகளைப் பிரித்தறிந்தனர். திரையில் கேட்டவர்கள் கற்கவில்லை.

பேச்சுத் திருந்தாத பிள்ளையைத் தாயாக நின்று கொஞ்சுவதே பிள்ளைத்தமிழ். அதன் மூன்றாம் பருவம் தால். தால் என்றால் நாக்கு. அந்த நாக்கை ஆட்டுவிக்க மனிதக் குரல் வேண்டும்.

நேரமில்லையாம். சோறூட்டும் நேரம் இருக்கிறதல்லவா? தமிழில் வாசகர் இல்லையென்று புலம்புமுன், கவளத்துக்கு ஒரு வாக்கியமாவது பேசுவோம். மழலையில் வரும் பதிலுக்குக் காத்திருப்போம்.