திறக்கப்படாத புத்தகத்தின் விலை

1938 ஆம் ஆண்டு யூன் மாதத்துக்குரியதாக அமெரிக்காவில் வெளிவந்த 'அக்சன் கொமிக்ஸ்' முதலாம் இதழின் விலை 10 சதம். சுப்பர்மேன் என்னும் பாத்திரம் முதன்முதலாகத் தோன்றிய சித்திரக்கதை இதழ் அது. 2024 ஏப்பிரலில் அதன் பிரதியொன்று 60 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. 1939 இல் வெளிவந்த 'சுப்பர்மேன்' முதலாம் இதழின் பிரதியொன்று 2025 நவம்பரில் 91 இலட்சத்து 20 ஆயிரம் டொலருக்கு விற்கப்பட்டது. இத்தகைய செய்திகளைக் கேட்கும்போது, ஏளனஞ் செய்யப்பட்டு வந்த சித்திரக்கதைக் கலைக்கு ஈற்றில் உரிய மதிப்புக் கிடைத்துவிட்டதென மகிழ்வோர் எம்மிடையேயும் உளர். அவர்களது மகிழ்ச்சி தவறான இடத்தில் வைக்கப்பட்டுள்ளது என்பதே எனது வாதம். விலை ஏறியிருக்கின்றது, மதிப்பு ஏறவில்லை.

முதற்கண், விற்கப்படுவது யாது என்பதை நோக்குவோம். 2000 ஆம் ஆண்டு தொடக்கம் அமெரிக்காவில் 'சீ. ஜீ. சீ.' என்னும் நிறுவனம் சித்திரக்கதை இதழ்களைத் தரப்படுத்தி வருகின்றது. மூலை மழுங்கியுள்ளதா, தாள் பழுப்பேறியுள்ளதா, தைத்த கம்பி துருப்பிடித்துள்ளதா என்பனவற்றை ஆராய்ந்து, 10 புள்ளிக்குள் ஒரு தரத்தை வழங்கி, இதழைத் தடித்த பிளாஸ்ரிக் பேழையினுள் இட்டு மூடிவிடுகின்றனர். பேழையைத் திறந்தால் வழங்கப்பட்ட தரம் செல்லாது. எனவே, அதன் உடைமையாளர் முன்னட்டையையும் பின்னட்டையையும் மாத்திரமே காணலாம். உள்ளேயுள்ள கதையைப் படிக்க விரும்பின் பெரும் பணத்தை இழக்கத் துணிதல் வேண்டும். வாசிப்பதற்கென அச்சிடப்பட்ட ஒன்றை வாசிப்பதே அதற்குச் செய்யும் சேதமாகக் கருதப்படும் விந்தை இது! பயன்பாட்டுப் பெறுமதி, பரிவர்த்தனைப் பெறுமதி என்னும் இரண்டையும் பொருளியல் மாணவர் வேறுபடுத்திக் கற்பர். இங்கு இரண்டாவது முதலாவதை விழுங்கியே வளர்கின்றது.

அடுத்து, சந்தை எதற்கு விலை வைக்கின்றது? 1970 இல் றொபேட் ஓவர்ஸ்ரீற் என்பார் வெளியிடத் தொடங்கிய விலைக் கைநூல், ஒவ்வோர் இதழுக்கும் அதன் நிலைக்கேற்ற விலையை வகுத்துக் காட்டியது. அவ்விலைகளுள் உச்சத்தை அடைவன பெரும்பாலும் புகழ்பெற்ற பாத்திரமொன்றின் முதற்றோற்றத்தைக் கொண்ட இதழ்களே. 1962 இல் 12 சதத்துக்கு விற்கப்பட்ட 'அமேசிங் ஃபன்ரசி' 15 ஆம் இதழில் ஸ்பைடர்மேன் முதன்முதலாகத் தோன்றினான். அதன் மிக நல்ல நிலையிலிருந்த பிரதியொன்று 2021 இல் 36 இலட்சம் டொலர் பெற்றது. கதை சிறந்ததா, சித்திரம் செம்மையானதா என்னும் வினாக்களுக்கு இங்கு முதலிடமில்லை. திரைப்படம் ஒன்று வரப்போகின்றதென்னும் செய்தியே ஓரிதழின் விலையை ஏற்றிவிடப் போதும். இதனை இலக்கிய மதிப்பீடு என்று எவ்வாறு கூறுவது?

இந்தச் செல்வத்தின் ஊற்றுக்கண்ணாக விளங்கிய படைப்பாளிகளின் கதை வேறானது. சுப்பர்மேனைப் படைத்தவர்கள் கிளீவ்லாந்து நகர இளைஞர்களான ஜெரி சீகலும் ஜோ சுஸ்ரரும் ஆவர். 1938 இல் அப்பாத்திரத்தின் உரிமையை 130 டொலருக்கு அவர்கள் எழுதிக்கொடுத்தனர். பின்னர் நீதிமன்றம் ஏறியும் உரிமை மீளவில்லை. 1975 இல், சக கலைஞர்கள் குரலெழுப்பிய பின்னரே, ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 20,000 டொலர் வழங்க நிறுவனம் இணங்கியது. சுஸ்ரரின் கண்பார்வை அப்பொழுது பெரிதும் மங்கியிருந்தது. அந்த 130 டொலரை உள்ளடக்கிய காசோலை 2012 இல் ஏலத்துக்கு வந்து 160,000 டொலருக்கு விலைபோயிற்று. அவர்கள் பெற்ற கூலியினும் அக்கூலி எழுதப்பட்ட தாள் பன்மடங்கு பெறுமதியுடையதாயிற்று! தன் படைப்பாளியை வறுமையில் விட்ட ஒரு கலை, அவன் ஒப்பந்தத்தின் எச்சத்தையும் பண்டமாக்கி விற்கின்றதென்றால், இதனைக் கௌரவம் என்பது நகைப்புக்கிடமானது.

'சேகரிப்போர் இல்லாதுபோயின் இவ்விதழ்கள் அழிந்தொழிந்திருக்குமே' என்று எதிர்வாதம் செய்யப்படலாம். இதில் ஓரளவு உண்மையுண்டு. 1960களில் சித்திரக்கதைகளைத் தேடித் தொகுத்த அமெரிக்க ஆர்வலர்கள் பலர் இலாபம் கருதாதோர். தாமே கைப்பிரதி ஏடுகள் நடத்திப் படைப்பாளிகளின் பெயர்களையும் வரலாற்றையும் வெளிக்கொணர்ந்தோர். அவர்களுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். ஆனால் அவர்கள் வாசகர்கள். இன்றைய சந்தை அவர்களது உழைப்பின் மேல் எழுந்ததேயன்றி, அவ்வுழைப்புக்குக் காரணமானதன்று. மேற்கூறிய 91 இலட்சம் டொலர் இதழும், தாயொருவர் காலமான பின்னர், கலிபோர்னியாவிலுள்ள அவருடைய வீட்டுப் பரணில், பழைய செய்தித்தாள்களின் கீழ் அட்டைப் பெட்டியொன்றில் கண்டெடுக்கப்பட்டது. அதனைக் காத்தது சந்தையன்று; சிறுவயதில் வாங்கியதை எறிய மனம்வராத ஒருவரின் பற்று.

மேலும், அருமை எங்கிருந்து பிறந்தது என்பதையும் சிந்தித்தல் வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கச் சிறுவர் போர்முயற்சிக்கெனப் பழைய தாள்களைத் திரட்டிக் கொடுத்தனர். எண்ணற்ற சித்திரக்கதைகள் அவற்றோடு கூழாயின. 1948 ஒக்ரோபரில் மேற்கு வேர்ஜீனியாவின் ஸ்பென்சர் நகரில் பள்ளி மாணவர் ஏறத்தாழ 2,000 இதழ்களைக் குவித்துத் தீயிட்டனர். பிற ஊர்களிலும் அவ்வாறு நிகழ்ந்தது. அழிந்தவற்றின் தொகையே எஞ்சியவற்றின் விலை. சந்தையின் கணக்கேட்டில் தீயும் ஓர் இலாபமே.

தம் பணத்தைத் தாம் விரும்பியவாறு முதலிடுவோரை நாம் ஏன் தடுக்க வேண்டும் என வினவுவோருக்கு 1990களின் அனுபவமே விடையாகும். 1991 இல் வெளிவந்த 'எக்ஸ்-மென்' முதலாம் இதழ் வெவ்வேறு அட்டைகளுடன் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையானது. 1992 நவம்பரில் சுப்பர்மேன் இறப்பதாகக் கூறும் இதழ் கறுப்புப் பையில் முத்திரையிட்டு விற்கப்பட்டது. பிற்காலத்தில் பெருவிலை பெறலாமென எண்ணிப் பலர் பையைப் பிரியாமலே அடுக்கி வைத்தனர். எல்லோரும் பத்திரப்படுத்திய ஒன்று எவ்வாறு அரிதாகும்? சில ஆண்டுகளுக்குள் சந்தை சரிந்தது. பெருந்தொகையான கடைகள் மூடப்பட்டன. 1996 டிசெம்பரில் மார்வல் நிறுவனமே வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. நட்டமடைந்தோருள் வாசகனும் ஒருவன். அவன் நட்டம் பணத்திலன்று, அவனுக்கென எழுதப்படாது போன கதைகளில்.

இவை தொலைதூரத்துச் செல்வந்தரின் விளையாட்டு, எமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. 1972 இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து கொமிக்ஸின் இதழ்கள் ஈழத்திலும் கைமாறிக் கைமாறி வாசிக்கப்பட்டவை. இரும்புக்கை மாயாவி இதழொன்றை அட்டை கழன்ற நிலையில் இரவல் பெற்று, மறுநாள் திருப்பிக் கொடுத்தவர் எத்தனை பேர்! அவ்விதழ்களுக்கும் இன்று பழமையின் பெயரால் விலை பேசப்படுகின்றது. கிழிந்த பிரதியே அதிகம் வாசிக்கப்பட்ட பிரதி என்பதைச் சந்தை அறியாது, நாம் அறிவோம்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. அதனால் எஞ்சிய பிரதிகள் அரியனவாயின; அவற்றின் விலை உயர்ந்திருக்கவுங் கூடும். அவ்வுயர்வை நற்செய்தியென எமக்கு எவரும் கூறத் துணிவாரா? நூல் எரிந்த நாட்டில் பிறந்தோர், அருமையை ஆராதிக்கும் சந்தைக்குக் கைதட்டுதல் தகாது.

சேகரித்தல் எம் மரபுக்குப் புதிதன்று. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏடுகளைத் தேடித் திரட்டியது பெட்டியில் பூட்டிவைப்பதற்கன்று. 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றி, ஒருவர் கையிலிருந்ததைப் பலர் கைக்கு அவர் மாற்றினார். 2005 இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எவரும் இலவசமாக வாசிக்க வகைசெய்து அப்பணியைத் தொடர்கின்றது. அமெரிக்காவிலும் மிச்சிகன் அரச பல்கலைக்கழக நூலகம் சித்திரக்கதைகளைப் பெருந்தொகையாகத் திரட்டி ஆய்வாளர்க்குத் திறந்து வைத்திருக்கின்றது. பேணுதல் என்பது இதுவே.

ஆகவே, பழைய சித்திரக்கதைகளை வீட்டில் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒன்று கூறுவேன். அவற்றின் விலையை விசாரிக்குமுன் அவற்றைப் படியுங்கள். படித்தபின் பிறருக்குக் கொடுங்கள். கொடுக்க மனமில்லையாயின் பிரதிசெய்தேனும் வையுங்கள். 10 சதத்துக்கு அச்சிடப்பட்ட கதை 10 சதம் வைத்திருந்த சிறுவனுக்காக எழுதப்பட்டது. அவனிடமிருந்து அதனைப் பறித்து பேழையினுள் இட்டவன் எத்தனை இலட்சம் கொடுத்திருப்பினும், அவன் வாங்கியது வெறும் அட்டையே.