மல்லாட்டை எங்கேர்ந்து வந்துச்சு மச்சி?

இந்த வாரம் ‘படிச்சாச்சா?’ பகுதிக்கு ஒரு சண்டைக்காரப் புத்தகம். பேர் ‘தர்ட்டீன்த் சைல்ட்’. அமெரிக்க எழுத்தாளர் பேட்ரீஷியா ரீடி எழுதி 2009-ல் வந்த ஃபேன்டஸி நாவல். பெரணமல்லூர்ல எங்க செட்டுக்குக் கிடைச்சது ஒரே ஒரு காப்பி. கை மாறி, கை மாறி ஆறு பேர் படிச்சு முடிக்கறதுக்குள்ள அட்டை கிழிஞ்சுபோச்சு, ரெண்டு பேர் பேச்சுவார்த்தையை நிறுத்திட்டாங்க. அப்படி என்ன மேட்டர்?

கதை இதுதான்...

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கா மாதிரியே ஒரு நாடு. பேர் மட்டும் கொலம்பியா. அங்க மந்திரம் நிஜம். ஸ்கூல், காலேஜ்ல பாடமாவே நடத்தறாங்க. நாட்டு நடுவுல ஓடற பெரிய ஆத்தை ஒட்டி ஒரு மந்திர வேலி. அதைப் போட்டது யாருங்கறீங்க? நம்ம ஹிஸ்டரி புக்ல வர்ற பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் தாமஸ் ஜெஃபர்சனும்! வேலிக்கு அந்தப் பக்கம் மாமூத் யானைங்க, நீராவி டிராகன்னு ஏகப்பட்ட ஜந்துக்கள். அதையும் தாண்டி மேற்கே போய் நிலம் பிடிச்சு, வீடு கட்டி, விவசாயம் பண்ணணும்னு கிளம்பற குடும்பங்கள்.

ஹீரோயின் எஃப், வீட்டுக்குப் பதிமூணாவது குழந்தை. அதனால ‘விளங்காதவ’னு சொந்தக்காரங்களே முத்திரை குத்திடறாங்க. கூடவே பிறந்த ரெட்டைத் தம்பி லான், ஏழாவது மகனுக்குப் பிறந்த ஏழாவது மகன். அவன் மட்டும் அதிர்ஷ்டக்காரன்!

‘இது எங்க வீட்டுக் கதை!’

முதல் ஓட்டு, இங்கிலீஷ் லிட்ரேச்சர் படிக்கற தோழியோடது. “அக்கா பொறந்தப்ப அப்பாவுக்கு தறியில நஷ்டமாம். இன்னிக்கு வரைக்கும் நல்ல காரியத்துக்கு அவளை முன்னாடி நிக்க விட மாட்டாங்க எங்க பாட்டி. எஃப் நிஜமாவே நம்ம ஊர் பொண்ணுடா!”னு கண் கலங்கிட்டா. யாரோ சொன்னதை நம்பி, தன்னால எல்லாருக்கும் கெடுதல் வந்துடுமோனு ஒரு பொண்ணு பயந்து பயந்து வளர்றா. அதுலேர்ந்து அவ மெதுவா வெளிய வர்ற இடமெல்லாம் சூப்பர். இதுல எங்க ஆறு பேருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

சண்டை வந்தது இன்னொரு விஷயத்துல. இந்த அமெரிக்காவுல அமெரிக்கப் பூர்வகுடி மக்களே கிடையாது! கொலம்பஸ் ‘இந்தியாவுக்கு வந்துட்டோம்’னு நினைச்சதால நம்ம பேர் ஒட்டிக்கிட்ட அதே ஜனங்க. நாம இன்னும் ‘செவ்விந்தியர்’னு சொல்லிட்டிருக்கோமே, அவங்கதான். பனியுகத்துல ஆசியாவிலேர்ந்து மனுஷங்க அந்தப் பக்கம் போகவே இல்லைனு நாவல் வச்சுக்குது. அதனால மாமூத் பிழைச்சுக்கிச்சு, ஜனங்க இல்லாமப் போயிட்டாங்க. 2009-ல் இங்கிலீஷ் வாசகர்கள் மத்தியில இதுதான் பெரிய ரகளையே ஆச்சு.

எழுத்தாளர் பக்கத்தையும் சொல்லிடணும். பழைய கதைகள்ல அவங்களைக் காட்டுமிராண்டியா காட்டினாங்க. புதுக் கதைகள்ல இயற்கையைக் காக்கற சாந்த சொரூபியா காட்டறாங்க. ரெண்டும் பிடிக்காததால, இல்லாமலே எழுதிப் பார்க்கறேன்னு அவங்க முன்னாடியே சொல்லியிருந்தாங்க. கெட்ட எண்ணம்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா, சரியா காட்டறது கஷ்டம்னு ஆளையே காட்டாம விட்டா எப்படி?

‘கதைதானே... விடு மச்சி!’

இது மெக்கானிக்கல் படிக்கற நண்பன். “டிராகன் வந்தா ஒத்துக்கறே, மந்திர வேலியை ஒத்துக்கறே. ஜனங்க இல்லைன்னா மட்டும் லாஜிக் கேக்கறியே?”ங்கறான். நியாயமான கேள்விதான். கற்பனைக்கு லைசென்ஸ் வேணாம்.

ஆனா நான் படிக்கற படிப்பு சும்மா விடலை. ஒரு சர்க்யூட்ல முக்கியமான பார்ட்டைக் கழட்டிட்டு, ‘அவுட்புட் மட்டும் அப்படியே வரும் சார்’னு சொன்னா லேப்ல உள்ள விடுவாங்களா? இந்த நாவல்ல பூர்வகுடிகளைக் கழட்டியாச்சு. ஆனா ஃபிராங்க்ளின் இருக்கார், ஜெஃபர்சன் இருக்கார், மேற்கே குடியேற்றம் அச்சு அசலா நடக்குது. அப்போ அந்த மண்ல ஆயிரக்கணக்கான வருஷம் வாழ்ந்தவங்களால எதுவுமே ஆகலைனுதானே அர்த்தம்?

ஆகியிருக்கு பாஸ்! நம்ம தட்டையே பாருங்க. மக்காச்சோளம் தானா முளைச்சு நிக்கலை. மெக்சிகோ பக்கத்துல, பொடிப்பொடியா கெட்டி மணி வைக்கற ஒரு காட்டுப் புல்லை, சுமார் 9,000 வருஷத்துக்கு முன்னாடியிலேர்ந்து தலைமுறை தலைமுறையா பொறுக்கி எடுத்து விதைச்சு அதைப் பயிராக்கினாங்க. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு... எல்லாமே அந்தக் கண்டங்களோட ஜனங்க பண்படுத்திக் கொடுத்தது. மிளகாயை நம்ம நாட்டுக்குக் கொண்டுவந்தது போர்ச்சுக்கீசியர்கள். அதுக்கு முன்னாடி நமக்குக் காரம்னா மிளகுதான்.

அட, மல்லாட்டை! திருவண்ணாமலை மாவட்டத்துல மானாவாரிப் பயிர்னாலே முதல்ல ஞாபகத்துக்கு வர்றது அதுதானே? மெட்ராஸ் பசங்க ‘வேர்க்கடலை’ம்பாங்க. நாம சொல்றது ‘மணிலாக் கொட்டை’ தேய்ஞ்சு வந்த பேர். தென் அமெரிக்க ஜனங்க பயிராக்கினது, மணிலா பேரைச் சுமந்துக்கிட்டு பெரணமல்லூர் வந்து சேர்ந்திருக்கு. அவங்களை அழிச்சா நம்ம சட்னியே அழியுது! இதைச் சொன்னதும்தான் மெக்கானிக்கல் பார்ட்டி கொஞ்சம் அமைதியானான்.

டெக்ஸ் வில்லர் எவ்வளவோ தேவலையா?

சண்டைக்கு நடுவுல வந்தார் சீனியர் அண்ணன் ஒருத்தர். சின்ன வயசுலேர்ந்து லயன் காமிக்ஸ் வெறியர். “எங்க டெக்ஸ் வில்லரைப் பாருங்கடா. நவஹோ தலைவரோட பொண்ணைக் கட்டி, ‘இரவுக் கழுகு’ங்கற பேர்ல அவங்களுக்கே தலைவரானவரு. அந்தக் கதைகள்ல செவ்விந்தியர்ல நல்லவன், துரோகி, கிழவன், பொடியன்னு எல்லா தினுசும் உண்டு”னார்.

பாயின்ட்தான். ஆனா டெக்ஸ் 1948-ல் இத்தாலியில பொனெல்லி எழுதி, கலெப்பினி வரைஞ்சு பிறந்தவர். நவஹோக்களுக்கு நியாயம் கேக்க அங்கயும் ஒரு வெள்ளைக்காரர்தான் தேவைப்படறார். இருந்தாலும் அண்ணன் கட்சிக்கு ஒரு மார்க் கூட. தப்பா வரைஞ்ச முகத்தோட சண்டை போடலாம். முகமே இல்லாத இடத்துல என்னத்தைப் பேசறது?

நம்ம ஏரியாவுலயும்...

இதெல்லாம் ஏதோ அமெரிக்கப் பிரச்னைனு நினைக்காதீங்க. 1756-லேர்ந்து 1763 வரை இங்கிலாந்தும் பிரான்ஸும் உலகம் பூரா மோதின ஒரே யுத்தத்துல, 1759-ல் கனடாவோட கியூபெக் விழுந்தது. 1760 ஜனவரி 22-ல் நம்ம பக்கத்து ஊர் வந்தவாசியில அயர் கூட், லாலியை ஜெயிச்சார். லாலி ஜெயிச்சிருந்தா? கேம்பஸ் இன்டர்வியூல ஃபிரெஞ்சுல திணறிட்டிருப்போம்! நாவல் எழுத சூப்பர் ஒன்லைன்.

ஆனா எழுதறப்போ யாரை எழுதுவோம்? பாடப்புத்தகத்துல ரெண்டு தளபதி பேர், ஒரு வருஷம், ரெண்டு மார்க்... முடிஞ்சுது. ரெண்டு பக்கமும் சண்டை போட்ட நம்ம ஊர் சிப்பாய்களுக்குப் பேரே இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கடற்கரைக்கு வந்ததே துணி வாங்கத்தான். அந்தத் துணியை நெஞ்சவங்களை அந்தப் பாடத்துல எங்கயாவது பார்த்திருக்கீங்களா? மந்திரம் போடாமலே நம்ம ஆளுங்களை மறைய வச்சுட்டாங்க. தறிச் சத்தத்துலயே வளர்ந்த எனக்கு, அந்தப் பூர்வகுடி வாசகர்களோட கோபம் இந்த இடத்துலதான் புரிஞ்சுது.

எங்க தீர்ப்பு

எஃப்புக்காகப் படிக்கலாம்: 4 ஓட்டு. வேணாம்: 1. ‘இன்னொரு தடவை படிச்சுட்டு சொல்றேன்’: 1. என் ஓட்டு ‘படிக்கலாம்’ பக்கம்தான். ஒரு பொண்ணு மேல குத்தின முத்திரையை அவ்வளவு அழகா உரிச்சுக் காட்டற புத்தகம், ஒரு ஜனத்தையே விட்டுட்டுதேங்கற வருத்தத்தோட.

இப்போ உங்க டர்ன். வந்தவாசியில லாலி ஜெயிச்சுட்டார்னு வச்சுக்கிட்டு ஒரு பக்கக் கதை எழுதி அனுப்புங்க. ஒரே ஒரு கண்டிஷன்... ஹீரோவோ ஹீரோயினோ தளபதியா இருக்கக் கூடாது. தறியில உட்கார்ந்தவங்க, ஏர் ஓட்டினவங்க, சிப்பாய்க்கு சோறு கட்டிக் கொடுத்தவங்க, யார் வேணா இருக்கலாம். அப்புறம் ப்ளீஸ், டிராகன் வந்தா அது மல்லாட்டைக் கொல்லையை மேயாமப் பார்த்துக்குங்க!