வசை பாடினால் போதை தெளியுமா?



1983-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள், போதைப்பொருளே நாட்டின் முதன்மை எதிரி என நம் அரசாங்கம் அறிவித்தது. அன்றுமுதல் பள்ளிகளில் சுவரொட்டி வரைகிறோம், உறுதிமொழி எடுக்கிறோம். ஆனால், சம்சுவையும் கள்ளையும் அந்த எதிரிப் பட்டியலில் நாம் சேர்ப்பதில்லை. தென்னையும் செம்பனையும் சூழ்ந்த எங்கள் ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரமும் இதற்கு விலக்கன்று. குடிப்பவரை "மன உறுதி இல்லாதவன்" என ஏசிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இந்த ஏச்சு எத்தனை பேரைத் திருத்தியுள்ளது?

மூளைக்குள் நடப்பதை அறிந்தால் ஏச்சு ஏன் பலிப்பதில்லை என்பது விளங்கும். பசித்தவன் உண்ணும்போதும், உழைத்தவன் பாராட்டுப் பெறும்போதும் மூளையில் டோபமின் எனும் வேதிப்பொருள் சுரக்கிறது. "இது நல்லது; மீண்டும் செய்" என்று மூளை அப்போது கற்றுக்கொள்கிறது. மது இதே பாதையைக் குறுக்கு வழியில் தூண்டுகிறது. சியாபு இன்னும் பன்மடங்கு கடுமையாகத் தூண்டுகிறது. நாளடைவில் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. டோபமினை ஏற்கும் வாயில்கள் குறைகின்றன. ஒரு குவளை தந்த மயக்கத்திற்கு மூன்று குவளை தேவைப்படுகிறது. வீட்டுச் சோறும் பிள்ளையின் சிரிப்பும் சுவையற்றுப் போகின்றன.

அதனினும் கொடிது ஒன்று உண்டு. "போதும், நிறுத்து" என்று கட்டளையிடுவது நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி. தொடர்ந்த போதை அதனையும் தளர்த்திவிடுகிறது. எந்த உறுதியை நாம் அவரிடம் எதிர்பார்க்கிறோமோ, அந்த உறுதி பிறக்கும் இடமே பழுதடைந்திருக்கிறது. இதனால் குடிப்பவர் குற்றமற்றவர் என்று நான் வாதிடவில்லை. குடித்துவிட்டு மனைவியை அடித்தவர் அதற்குப் பொறுப்பேற்கத்தான் வேண்டும். ஆனால், நோய்க்குச் சிகிச்சை தேவை, வசை சிகிச்சையாகாது.

நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஆகியவை தோன்றி உயிருக்கே ஆபத்து நேரலாம். எனவே, அவரை அறையில் பூட்டிவைக்காமல் அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே முறை. ஹெராயினுக்கு அடிமையானோருக்கு 2005-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் மெத்தடோன் சிகிச்சை வழங்கப்படுகிறது. அரசாங்கமே நோயாக ஏற்றுக்கொண்டதை, நாம் இன்னும் அவமானமாக எண்ணி மறைக்கலாமா?

இப்பழக்கம் நம் இரத்தத்தில் ஊறியது என்று சொல்வோரும் உளர். அஃது உண்மையன்று. தோட்ட எல்லைக்குள்ளேயே கள்ளுக்கடை நடத்த இசைந்தது ஆங்கிலேயர் ஆட்சி. களைத்து வந்த தொழிலாளியின் கண்ணெதிரே கடை இருந்தது. அதே தொழிலாளர்கள்தாம் 1947-ஆம் ஆண்டு கெடாவில் தொண்டர் படையாகத் திரண்டு கள்ளுக்கடைகளை எதிர்த்தனர். பீடோங் வட்டாரத்தில் காவல் துறையினரின் தாக்குதலில் ஒருவர் உயிரையும் இழந்தார். குடியை எதிர்த்து உயிர் கொடுத்த வரலாறும் நம்முடையதே என்பதை எத்தனை மாணவர்கள் அறிவர்?

"நிறுத்து" என்று சொல்லும் மூளைப்பகுதி முழுமையாக முதிர்வதற்கு ஏறத்தாழ 25 வயதாகிறது. அதற்கு முன் போதையைச் சுவைத்தவர் அடிமையாகும் வாய்ப்பு அதிகம். 2017-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நம் நாட்டில் மது வாங்கும் வயது 18-இலிருந்து 21-ஆக உயர்த்தப்பட்டதும் இளையோரைக் காக்கவே. ஆனால், திருமண விருந்தின் பின்கட்டில் சிறுவனிடம் "ஒரு வாய் குடித்துப் பார்" என்று நீட்டும் மாமாவைச் சட்டம் தடுத்துவிடுமா? நாம்தான் தடுக்க வேண்டும்.

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதனை வகுப்பறையில் கற்பிக்கிறோம். வீட்டிலும் மூன்றைக் கடைப்பிடிப்போம். மதுப்புட்டியையோ சிகரெட்டையோ வாங்கிவரப் பிள்ளைகளை அனுப்பாதிருப்போம். அவர்கள் முன்னிலையில் குடிப்பதைக் கைவிடுவோம். அடிமையானவரை ஒளித்துவைக்காமல் மருத்துவரிடம் சேர்ப்போம்.

குடிகாரன் மகன் என்று ஒரு மாணவனைச் சுட்டுவது எளிது. அவன் தந்தையைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல உடன்செல்வது கடினம். சமுதாயம் செய்ய வேண்டியது இரண்டாவதையே என்பது எனது தாழ்மையான கருத்து.

சிந்திப்போம், செயல்படுவோம்.