இட்டேரிக்கு எது சாட்சி?

தோட்டத்துக்குக் கிணறு எப்படியோ, அப்படித்தான் தடமும். எவ்வளவு தண்ணீர் இருந்தாலும், தடம் இல்லாத பூமியில் விளைந்த மஞ்சளைத் தலைச்சுமையாகத்தான் வெளியே கொண்டுவர வேண்டும். டிராக்டர் உள்ளே போகாது. தேங்காய் வியாபாரி ‘லாரி வருமா?’ என்று கேட்டுவிட்டுத்தான் விலையே சொல்வார். இது தெரிந்தும், கிணற்றுக்குக் கொடுக்கிற கவனத்தில் கால் பங்கைக்கூட விவசாயிகள் தடத்துக்குக் கொடுப்பதில்லை.

கொங்கு நாட்டில் இந்தத் தடத்துக்கு இட்டேரி என்று பெயர். இருபுறமும் கிளுவை வேலி, நடுவில் மாட்டு வண்டி போகிற அகலத்துக்கு மண்பாதை. கல்லும் தாரும் கண்டறியாத வழி. பஞ்சாலைகளும் பம்பு தொழிற்சாலைகளும் கல்லூரிகளுமாகிவிட்ட பீளமேடும் ஒரு காலத்தில் காடு தோட்டமாக இருந்த ஊர்தான். ஊர் நகரமாகும்போது, பதிவேட்டில் ஏறிய தடம் வீதியாகிறது. ஏறாத தடம் யாரோ ஒருவருடைய மதிலுக்குள் போய்விடுகிறது. பீளமேட்டைத் தாண்டி விளாங்குறிச்சி, காளப்பட்டி, சின்னியம்பாளையம் என்று வீட்டுமனைகள் பரவிவரும் இந்நாளில், மிச்சமுள்ள விவசாயிகள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

படத்தில் இருந்தால் போதுமா?

தகராறு வந்ததும் பலர் தேடுவது இந்திய நில அளவைத் துறையின் நிலவியல் படத்தை. 2017 முதல் இந்தப் படங்களை அத்துறையின் இணையதளத்திலிருந்தே இறக்கிக்கொள்ள முடிகிறது. பழைய வரிசைப்படி கோவை நகரம் 58 ஏ 16 என்ற தாளில் வரும். 77 பாகை தீர்க்கரேகை பீளமேட்டின் மேற்கு ஓரமாகப் போவதால், அதற்குக் கிழக்கே உள்ள பகுதி 58 ஈ 4 என்ற அடுத்த தாளுக்குப் போய்விடும். தார் ரோடு தொடர்கோடாகவும், வண்டித்தடமும் ஒற்றையடிப் பாதையும் விட்டுவிட்டுப் போட்ட கோடுகளாகவும் இருக்கும்.

ஆனால் இந்தக் கோடு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அளந்தவர் போன நாளில் அங்கே ஒரு தடம் இருந்தது. அது அரசு நிலமா, பட்டா நிலமா, யாருக்கு அதில் போகப் பாத்தியம் என்பதெல்லாம் அதில் இல்லை. அகலமும் தெரியாது. இந்தப் படம் 50,000-க்கு 1 என்ற அளவில் வரைந்தது. படத்தில் ஒரு சென்டிமீட்டர் நிலத்தில் 500 மீட்டர். 6 மீட்டர் அகலமுள்ள இட்டேரி இந்தக் கணக்குப்படி மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான் வரும். ஆகவே அங்கே இருப்பது அடையாளக் கோடு, அளவு அல்ல. கைப்பேசியில் தெரியும் செயற்கைக்கோள் படமும் இதே கதிதான்.

எதைப் பார்க்க வேண்டும்?

பாத்தியத்தைச் சொல்வது வருவாய்த்துறை ஆவணங்கள். கிராம வரைபடம், புலப்படம், அ-பதிவேடு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தடத்துக்கெனத் தனிப் புல எண் அல்லது உட்பிரிவு இருந்து, அ-பதிவேட்டில் அது வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இருந்தால் கவலை இல்லை. அது பொதுச் சொத்து. அதில் வேலி போட்டவரை 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வெளியேற்ற வருவாய்த்துறைக்கு அதிகாரம் உண்டு.

பட்டா நிலத்துக்குள் வெறும் விடுகோடாக மட்டும் தடம் காட்டப்பட்டிருந்தால் நிலைமை வேறு. நிலம் பட்டாதாரருடையது. தடம் புழக்கத்தில் இருந்ததற்கு அந்தக் கோடு ஒரு சாட்சி. போகிறவர் தம் பாத்தியத்தை வேறு ஆதாரங்களோடு நிலைநாட்ட வேண்டும். எந்தப் படத்திலும் இல்லாத தடமானால், கிரயப் பத்திரத்தில் உள்ள ‘மாமூல் தடப் பாத்தியம்’ என்ற வாசகமும் நெடுநாள் அனுபவமும்தான் துணை.

பழைய புலப்படத்தில் அளவுகள் லிங்க்ஸ் கணக்கில் இருக்கும். 100 லிங்க்ஸ் 66 அடி. 30 லிங்க்ஸ் என்று கண்டால் 20 அடிக்குச் சற்றுக் குறைவு என்று கொள்ள வேண்டும். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். திட்டத்துக்கு முந்தைய பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். பழையதில் இருந்த தடம் புதியதில் விடுபட்டிருந்தால், அந்தப் பழைய நகலே திருத்தம் கேட்க ஆதாரம். ஊர்த் தடங்களை மனப்பாடமாக வைத்திருந்த கணக்குப்பிள்ளைகளின் பரம்பரைப் பதவி 1980-இல் ஒழிந்தது. இனிக் காகிதம்தான் பேசும்.

சும்மா இருந்தால் போய்விடும்

1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, அடுத்தவர் பட்டா நிலத்தின் வழியே 20 ஆண்டுகள் பகிரங்கமாக, தடங்கலின்றி, பாத்தியமாகவே போய்வந்தவருக்கு வழிநடை உரிமை உண்டாகும். ‘அண்ணா, இன்னிக்கு இப்படிப் போய்க்கறனுங்க’ என்று அனுமதி கேட்டுப் போனது எத்தனை ஆண்டானாலும் இதில் சேராது. தடுப்பு விழுந்த பிறகு ஓராண்டு பேசாமல் பொறுத்துப் போனால் அனுபவம் முறிந்துவிடும். அந்த 20 ஆண்டு அனுபவம், வழக்குப் போடுவதற்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் வந்து முடிவதாகவும் இருக்க வேண்டும். ‘பெரிய இடம், பகைத்துக்கொள்ள வேண்டாம்’ என்று மூன்று போகம் பார்த்திருப்பவர் தம் கையாலேயே தடத்தை விட்டுக்கொடுக்கிறார்.

பட்டாதாரர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு ஏக்கர்காரருக்குத் தடம் விடும் நிலம் பெரிய நஷ்டம்தான். ஆனால் அவருடைய பூமிக்கும் இன்னொருவர் நிலத்தைத் தாண்டித்தான் வழி. இட்டேரியைக் கெடுத்ததில் வெளியார் மட்டும் குற்றவாளி அல்லர். உழவுக்கு ஒரு சால் என்று வேலியை நகர்த்தி, 20 அடித் தடத்தை 10 அடியாக்கியது இருபக்கத்துத் தோட்டக்காரர்கள்தாம். பாகப்பிரிவினையில் கிணற்றுப் பங்கை மணிக்கணக்கில் பேசி எழுதும் சகோதரர்கள், தடத்தை ஒரு வரி எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது

இங்கிலாந்திலும் நிலவியல் படத்தில் பாதை இருப்பது உரிமைக்கு ஆதாரமாகாது என்று படத்தை வெளியிடும் துறையே சொல்கிறது. அதனால் 1949-இல் அங்கே ஒரு சட்டம் செய்தார்கள். பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள பாதைகளை உள்ளாட்சி மன்றங்களே தனிப் படத்தில் குறிக்க வேண்டும். அதில் ஏறிய பாதைக்கு அதுவே முடிவான சாட்சி. அப்படிப்பட்ட தடப் பதிவேடு ஒன்று இங்கே ஒவ்வோர் ஊராட்சிக்கும் தேவை. புல எண், அகலம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, புறம்போக்கா பட்டாவா என்ற நான்கு விவரம் போதும். நில அளவரும் கிராம நிர்வாக அலுவலரும் தயாரித்து, கிராம சபையில் படித்து, ஆட்சேபணை கேட்டு முடிவு செய்யலாம். மாநகராட்சிக்குள் வந்துவிட்ட பகுதிகளில் மனைப்பிரிவுக்கு அனுமதி தருவதற்கு முன்பே இந்தச் சோதனை நடக்க வேண்டும்.

அரசு செய்யும் வரை காத்திருக்கத் தேவையில்லை. புலப்படமும் அ-பதிவேடும் அரசின் இணையதளத்தில் கிடைக்கின்றன. ஒவ்வொரு விவசாயியும் தம் தோட்டத்திலிருந்து தார் ரோடு வரை தடம் கடக்கும் ஒவ்வொரு புல எண்ணுக்கும் நகல் எடுத்து, பத்திரத்தோடு வைக்கட்டும். பழைய பதிவேட்டின் நகலைத் தாலுகா அலுவலகத்தில் கேட்கட்டும். விடுபட்டிருந்தால் இன்றே மனுக் கொடுக்கட்டும். இட்டேரியில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது சாட்சி சொல்ல ஊரே வரும். கேட் பூட்டிய பிறகு வந்து நிற்பது வக்கீல் மட்டும்தான்.