விடியற்காலைப் பெட்ரோல்

காலாப்பட்டு வழியாகச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், பொழுது புலருமுன்பே பெட்ரோல் பங்குகளை நாடி மோட்டார் சைக்கிள்கள் வருவதுண்டு. புதுவையில் வரி குறைவு. ஆகையால் எல்லைக்கு அப்பாலிருந்தும் வண்டிகள் வருவதில் வியப்பில்லை. ஆனால் விடியற்காலையைத் தேடுவதற்கு வேறொரு காரணமும் சொல்லுகிறார்கள். குளிர்ந்த வேளையில் பெட்ரோல் சுருங்கியிருக்குமாம். ஒரு லிட்டர் விலைக்குச் சற்று அதிகச் சரக்குக் கிடைக்குமாம். நம் வீட்டிலும் இந்த யோசனை பலமுறை சிபாரிசு செய்யப்பட்டிருக்கிறது.

இதில் பாதி உண்மை. திரவங்கள் சூட்டினால் விரிகின்றன. பெட்ரோல் சற்றுத் தாராளமாகவே விரிகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் ஒரு செல்சியஸ் பாகை சூடேறினால் ஏறக்குறைய 0.95 மில்லி லிட்டர் பெருகும். பாதரசமோ 0.18 மில்லிதான் பெருகும். 1730-ஆம் ஆண்டு வாக்கில் பிரான்சு தேசத்து ரேயோமூர் சாராய உஷ்ணமானி செய்தபோது, சாராயம் ஆயிரத்தில் ஒரு பங்கு விரிவதையே ஒரு பாகை என்று வைத்துக்கொண்டார். நமது பெட்ரோலும் அந்தக் கணக்குக்கு வெகு சமீபம்!

அப்படியானால் விடியற்காலையில் லாபமுண்டா? சரக்கு இருப்பது பூமிக்கடியில். மேலே வெயில் கொளுத்தினாலும், மண் மூடிய தொட்டியில் காலைக்கும் நடுப்பகலுக்கும் ஒரு பாகை வித்தியாசம் காண்பது அரிது. ஒரு பாகை என்றே வைத்துக்கொண்டாலும், ஐந்து லிட்டருக்கு ஐந்து மில்லிக்கும் குறைவுதான், ஒரு தேக்கரண்டியளவு. அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வானேன்?

சூட்டைக் கணக்கில் எடுக்கவேண்டிய இடம் வேறு. பெட்ரோலின் அடர்த்தி சூட்டுக்குத் தக்கபடி மாறுவதால், ஹைட்ரோமீட்டரையும் உஷ்ணமானியையும் ஒருங்கே அமிழ்த்திப் பார்த்து, கிடைத்த எண்ணை அட்டவணைப்படி 15 பாகைக்கு மாற்றுகிறார்கள். அதாவது, ஒரு திரவத்தின் விரிவைக்கொண்டு மற்றொரு திரவத்தின் விரிவைத் திருத்துகிறார்கள். அன்றைய அடர்த்தி பங்கிலேயே எழுதியிருக்கும். கலப்படச் சந்தேகம் தோன்றினால், நம் கண்முன்னே அளந்து காட்டும்படி கேட்கலாம். கேட்பவர்கள்தாம் குறைவு.

இன்னொன்று. பூமிக்கடியிலிருந்து வரும் பெட்ரோலைக் கழுத்துவரை நிரப்பிக்கொண்டு, வண்டியை வெயிலில் நிறுத்துகிறவர்கள் உண்டு. பன்னிரண்டு லிட்டர் பத்துப் பாகை சூடேறினால் 114 மில்லி பெருகும். அது மூடியின் வழியாகக் கசிந்து, சூடான எஞ்சின்மீது சொட்டக்கூடும். பங்கில் குழாய் தானே நிற்கும்போது, “இன்னும் கொஞ்சம்” என்று கேளாதிருப்பதே நல்லது.